நிவாரண லாரியில் ஏறாத மாத்திரை

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் தலைஞாயிறு பகுதியில் ஒரு பள்ளிக்கூட முகாமில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபது வயதிருக்கும், ஒரு பாட்டி தலை சுற்றுகிறது என்று வந்து உட்கார்ந்தார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 480.

"மாத்திரை போட்டீங்களா பாட்டி?"

"ஆணியில மாட்டியிருந்த மஞ்சப்பை சுவரோட போயிடுச்சு டாக்டரம்மா. எல்லாம் அதுக்குள்ளதான் இருந்துச்சு."

மாத்திரை இல்லாத அத்தனை நாளும் அவருக்குக் கிடைத்த சாப்பாடு பன்னும் பிஸ்கட்டும். வாசலில் அப்போதும் ஒரு லாரியிலிருந்து சாமான் இறங்கிக்கொண்டிருந்தது. போர்வை, மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி, மூட்டை மூட்டையாகத் துணி. எங்கிருந்தோ ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டி வந்த பிள்ளைகள். அவர்கள் மனசுக்குக் குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாட்டிக்கு அன்று தேவைப்பட்டது ஒரு அட்டை மாத்திரை.

வெள்ளம் என்றதும் நாங்களும் காலரா, வயிற்றுப்போக்கு, எலிக்காய்ச்சலை நினைத்துத்தான் கிளம்புகிறோம். பிளீச்சிங் பவுடர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எல்லாம் கட்டாயம் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முகாம் வரிசையில் என் முன்னால் வந்தவர்களில் பலருக்குப் பழைய நோய், நின்றுபோன மருந்து. ரத்தக்கொதிப்பு மாத்திரை நின்றால் பக்கவாதம் வரலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு திரும்பும். காசநோய் மருந்தை விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகக்கூடும்.

"உடம்புக்கு என்ன?" என்று கேட்டால் நம் ஜனங்கள் "ஒண்ணுமில்ல" என்பார்கள். வீடே போன இடத்தில் சுகரைப் பற்றி யார் பேசுவார்கள்? "தினமும் மாத்திரை போடுறவங்க யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். கூடத்தில் வரிசையாகக் கை உயரும். முகாமுக்குப் போகும் தன்னார்வலர்கள் இந்த ஒரு கேள்வியையாவது கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஒருவர் மாத்திரையைப் பத்திரமாக எடுத்து வந்திருந்தார், காலையில் வழக்கம்போலப் போட்டும்விட்டார். சாப்பாடு வண்டி வந்தது மதியம் இரண்டு மணிக்கு. அதற்குள் வியர்த்துக் கொட்டி நினைவு தப்பிக் கிடந்தார். சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சாப்பாடு கைக்கு வந்த பிறகே மருந்தைத் தொட வேண்டும். மயக்கம் வருவதுபோல் இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கஜாவில் மின்கம்பங்கள் சாய்ந்து, உட்கிராமங்களுக்குக் கரண்ட் வரவே வாரக்கணக்கில் ஆனது. ஃபிரிட்ஜில் இருந்த இன்சுலினை வீணாகிவிட்டது என்று கொட்டியவர்கள் உண்டு. கொட்டாதீர்கள். பயன்படுத்திக்கொண்டிருக்கும் குப்பியை வெயில் படாத, குளுமையான இடத்தில் வைத்தால் பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும். பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல். குப்பியைத் தண்ணீர் புகாத கவரில் கட்டிச் சின்னப் பானைக்குள் வைத்து, ஈரத்துணியால் மூடிவிடுங்கள். மணல் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். நேராக ஐஸில் மட்டும் வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் பயன்படாது.

அப்புறம் கால். உடைந்த ஓடு, சிமெண்ட் ஷீட், ஆணி எல்லாம் சேற்றுக்குள் கிடக்கும். பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்குக் குத்தியதே தெரியாது. நான் லாரிக்காரர்களிடம் கேட்டுக்கொள்வது, பழைய துணிக்குப் பதிலாகச் செருப்பு கொண்டுவாருங்கள் என்பதுதான்.

உங்கள் வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளை அள்ளி வர வேண்டாம். அளவு மாறினால் ஆபத்து. அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் நடப்பதால், யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கொதிப்பு என்ற விவரம் ஊரில் மாத்திரை கொடுக்கும் அம்மாக்களிடமே இருக்கும். அவர்களைக் கூட்டிக்கொண்டு மெயின் ரோட்டைத் தாண்டி உள்ளே போங்கள். லாரிகள் ரோட்டோரத்திலேயே காலியாகிவிடுகின்றன. வாய்க்கால் போய் முடியும் கடைமடைக் குடியிருப்புகளில் தண்ணீர் வடியவே நாளாகும், வண்டி போய்ச் சேர அதைவிட நாளாகும்.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையை அடித்தபோது கண்டி, பதுளை, நுவரெலியா மலைகளில் மண் சரிந்து பாதைகள் அறுந்தன. இங்கே டெல்டாவில் நம் சம்பாப் பயிரும் முழுகியது. இங்கே தேங்கிய தண்ணீர் மறிக்கிறது, அங்கே சரிந்த மண் மறிக்கிறது. அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருக்கும் நோயாளிக்கும் மாத்திரை தீரும் நாள் மாறப்போவதில்லை.

ஐப்பசி பிறந்ததும் இரண்டு வார மருந்தைத் தண்ணீர் புகாத கவரில் போட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். மருந்துச் சீட்டைப் பிள்ளைகள் போனில் படம் எடுத்து வைக்கட்டும். தீர்ந்துபோன அட்டை ஒன்றையும் அந்தக் கவரிலேயே போட்டுவையுங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் புரியாது. காலி அட்டையைப் பார்த்தால் பெயரும் அளவும் தெரிந்துவிடும்.