மீன் விடுவதற்கு முன் ஒரு மாதம்

காலை ஆறரை மணிக்கு ஒரு போன். "சார், ராத்திரி தீனி போடும்போதுகூட நல்லாத்தான் இருந்துச்சு. இப்பப் பாத்தா பாதி மீன் மிதக்குது." பேசியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மாடியில் 1000 லிட்டர் தொட்டி, அதன் மேல் செடி வளர்க்க ஜல்லி நிரப்பிய இரண்டு படுகைகள், ஒரு சின்ன மோட்டார், 50 ஜிலேபிக் குஞ்சுகள். விற்றவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் பொருத்தி, அன்று மாலையே மீனையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். போன் வந்தது 18ஆம் நாள்.

நான் போனபோது மிச்சமிருந்த மீன்கள் தண்ணீர் விழும் இடத்தில் கூடி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இத்தனைக்கும் ஏர் பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. செத்த மீன் ஒன்றின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டியது காப்பி நிறத்தில் இருந்தது. தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டைத் திறக்கும் முன்பே காரணம் தெரிந்துவிட்டது. நைட்ரைட்.

மீன்வளம் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன் நான். அக்வாபோனிக்ஸ் (மீன் தொட்டித் தண்ணீரில் மண் இல்லாமல் செடி வளர்க்கும் முறை) என்று என்னைக் கூப்பிடும் வீடுகளில் பெரும்பாலும் இதே கதைதான். மீனின் கழிவு செடிக்கு உரம், செடி மீனின் தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் நடுவில் இருக்கும் முக்கியமான ஆளை விட்டுவிட்டுச் சொல்கிறார்கள்.

முதலில் அந்தக் 'கழிவு' என்ன என்று பார்ப்போம். மாட்டுச் சாணம் போல மீனின் எச்சம்தான் உரம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மீன் தின்ற புரதத்தில் உடம்புக்குப் போக மிஞ்சும் நைட்ரஜன், பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. கண்ணுக்குத் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வளர்ந்த மீன் 20 கிலோ இருக்கும் தொட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கிராம் தீவனம் போகும். 32 சதவீதப் புரதத் தீவனம் என்றால் அதில் 64 கிராம் புரதம், அதற்குள் ஏறக்குறைய 10 கிராம் நைட்ரஜன். மீன் தன் உடம்பில் வைத்துக்கொள்வது 3 கிராம் போல. மிச்சம் 7 கிராமும் தொட்டிக்குத்தான். எச்சத்தோடு போவதைக் கழித்தாலும், 1000 லிட்டரில் ஒரே நாளில் லிட்டருக்குச் சில மில்லிகிராம் அம்மோனியா சேர்ந்துவிடும்.

அந்த அம்மோனியா முழுவதும் விஷம் இல்லை. எவ்வளவு விஷமாகும் என்பதைத் தண்ணீரின் பிஎச்சும் (புளிப்பா, காரமா என்று காட்டும் அளவு) சூடும்தான் முடிவு செய்கின்றன. பிஎச் 7 இருந்தால் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பிஎச் 8, சூடு 30 டிகிரி என்றால் நூற்றில் 7 பங்குக்கு மேல். பிஎச் 9 ஆனால் ஏறக்குறைய பாதி. நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் பிஎச் 8ஐத் தொட்டுக்கொண்டிருக்கும், மொட்டைமாடித் தொட்டி மதியத்தில் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். குளிர் நாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு அதே அளவில் இங்கே செய்யாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி அந்த நடுவில் இருப்பவர். ஜல்லியின் மேல் வழவழப்பாகப் படியும் பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவைத் தின்று நைட்ரைட் ஆக்கும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட் ஆக்கும். செடி விரும்பி உறிஞ்சுவது அந்த நைட்ரேட்டை. மீனுக்கு அது பெரிய தொந்தரவும் இல்லை. சிக்கல் என்னவென்றால் இந்தப் பாக்டீரியாக்கள் மகா சோம்பேறிகள். குடலில் வாழும் பாக்டீரியா அரை மணிக்குள் இரண்டாகும். இவற்றுக்கு அரை நாள், ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதிலும் இரண்டாவது கூட்டம், முதல் கூட்டம் சமைத்துப் போட்டால்தான் சாப்பிட வரும். ஆக, அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறி நிற்கும் ஒரு இடைவெளி வந்தே தீரும். ஆசிரியர் வீட்டின் 18ஆம் நாள் அந்த இடைவெளியில் விழுந்தது. நைட்ரைட் மீனின் ரத்தத்தில் ஏறினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். தண்ணீரில் காற்று இருந்தும் மீன் மூச்சுத் திணறும்.

(அன்று செய்த முதலுதவியையும் சொல்லிவிடுகிறேன். தீவனத்தை நிறுத்தினேன். மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றினேன். ஒரு கிலோ கல் உப்பைக் கரைத்து ஊற்றினேன். உப்பில் உள்ள குளோரைடு செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். அயோடின் சேர்த்த தூள் உப்பு வேண்டாம். 19 மீன் பிழைத்தன.)

இந்தக் காத்திருப்பு புதிதில்லை. 1877இல் பிரான்ஸில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். குழாயில் மணலும் சுண்ணாம்பும் கலந்து நிரப்பி, சாக்கடை நீரை மெதுவாக வடியவிட்டார்கள். முதல் 20 நாள் ஒன்றுமே நடக்கவில்லை. உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதற்குப் பிறகு நைட்ரேட் வர ஆரம்பித்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், நின்றுபோனது. கொஞ்சம் மண் கரைத்த நீரை ஊற்றினார்கள், மறுபடி தொடங்கியது. இது வெறும் ரசாயன மாற்றம் இல்லை, உயிருள்ள ஏதோ ஒன்று செய்யும் வேலை என்று அதிலிருந்து புரிந்தது. 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற நுண்ணுயிர் ஆய்வாளர் அந்த உயிர்களைத் தனியே பிரித்துக் காட்டினார். அக்வாபோனிக்ஸ் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் நான் அந்த மணல் குழாயைத்தான் காட்டுவேன்.

வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு வேறு. மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்களிடமிருந்து தொடங்குவார்கள். ஏரிக்குள் கழி நட்டு, அடியிலிருந்து சேற்றை வாரி வாரிக் கொட்டி மேடாக்கி, அதில் மக்காச்சோளமும் காய்கறியும் விளைவித்தார்கள். சினாம்பா என்று பெயர். மிதக்கும் தோட்டம் என்று எழுதுகிறார்கள், உண்மையில் அது மிதப்பதில்லை. சோசிமில்கோவில் இன்றும் பார்க்கலாம். கால்வாயின் சேற்றில் மீன் எச்சமும் அழுகிய தாவரமும் இருக்கும், அது பயிருக்குப் போகும். நம் ஊரில் கோடையில் கண்மாய் வண்டலை அள்ளி வயலில் போடுவதன் ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லலாம்.

சீனாவின் சிங்தியன் பகுதியில் நெல் வயலிலேயே கெண்டை வளர்ப்பது ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிய வழக்கம். 2005இல் ஐநாவின் உணவு, வேளாண்மை அமைப்பு அதை உலகின் முக்கிய வேளாண் மரபுகளில் ஒன்றாக அறிவித்தது. கேரளத்துப் பொக்காளி வயல்களில் நெல் அறுத்தபின் உப்புநீரை விட்டு இறால் வளர்க்கிறார்கள். அருணாசலத்தின் ஜீரோ பள்ளத்தாக்கில் அபதானி மக்கள் நெல்லோடு மீன் வளர்க்கிறார்கள். எல்லாம் அருமையான முறைகள். ஆனால் அங்கெல்லாம் வேலையைச் செய்வது மண். மண்ணுக்குள் பாக்டீரியா ஏற்கெனவே கோடி கோடியாக இருக்கிறது, யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. மண்ணை எடுத்துவிட்டு அதன் வேலையைத் தொட்டிக்குள் செய்ய வைப்பதுதான் அக்வாபோனிக்ஸ். அதனால் இவற்றை முன்னோர் என்று கும்பிடலாம், அதே தொழில்நுட்பம் என்று சொல்ல முடியாது.

மண் இல்லாமல் செடி வளர்ப்பதற்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரை 1937இல் பரப்பியவர் கலிஃபோர்னியாவின் வில்லியம் கெரிக்கி. மீன் வளர்ப்பின் ஆங்கிலப் பெயரோடு (அக்வாகல்ச்சர்) அதன் வாலை ஒட்டியதுதான் நம் சொல். 1969இல் ஜான் டாட், நான்சி டாட், வில்லியம் மெக்லார்னி மூவரும் நியூ ஆல்கெமி நிலையத்தைத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் கேப் காட் பகுதியில், ஒளி புகும் தொட்டிகளில் ஜிலேபி வளர்த்து அந்தத் தண்ணீரைக் காய்கறிக்குப் பாய்ச்சினார்கள். 1980களில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்க் மெக்மர்ட்ரி மணல் படுகை வழியாக மீன் நீரைச் சுழலவிட்டார். மணலே வடிகட்டி, மணலே பாக்டீரியாவின் வீடு, மணலே செடிக்குப் பிடிமானம். பிறகு மிசௌரியில் ஸ்பெரானியோ தம்பதியர் மணலை எடுத்துவிட்டு ஜல்லியைப் போட்டார்கள். இன்று நம் மாடிகளில் இருக்கும் ஜல்லிப் படுகை அந்த வழியில் வந்தது. வறட்சியால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடவே கட்டுப்பாடு வந்த 2000களில், ஆஸ்திரேலியர்கள் இதை வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுபோய்ப் பரப்பினார்கள்.

இவர்களில் என் மனதுக்கு நெருக்கமானவர் ஜேம்ஸ் ரகோசி. கரீபியக் கடலில் வர்ஜின் தீவுகளின் செயின்ட் கிரோய் தீவில், நன்னீர் அரிதான இடத்தில், 1980 முதல் முப்பது ஆண்டு போல இதே வேலை. மீன் வளர்த்தால் தண்ணீரை மாற்ற வேண்டும், மாற்றத் தண்ணீர் இல்லை. அந்த நெருக்கடியில் செடியை வடிகட்டியாக்கினார். எச்சத்தைத் தனியே படிய வைத்து எடுத்துவிட்டு, மிச்ச நீரை நீளத் தொட்டிகளில் விட்டு, தெர்மாகோல் பலகைகளில் செடியை மிதக்கவிட்டார். அன்றாடம் புதிதாகச் சேர்த்த தண்ணீர் மொத்தத்தில் 1.5 சதவீதம் போலத்தான். எத்தனை மீனுக்கு எத்தனை செடி என்று கணக்குப் போடுவதை விட்டுவிட்டு, தினம் எவ்வளவு தீவனம் போடுகிறோமோ அதற்கு எத்தனை சதுர மீட்டர் செடி என்று கணக்குப் போடச் சொன்னதுதான் அவருடைய பெரிய உதவி. கீரை வகைக்குச் சதுர மீட்டருக்கு 40, 50 கிராம் தீவனம் என்று வைத்துக்கொண்டு வீட்டளவில் தொடங்கலாம். காய்க்கும் செடிக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

நடைமுறையில் கண்ட சில விஷயங்கள். பாக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீர் மெல்லப் புளிக்கும், பிஎச் இறங்கும். 6.5க்குக் கீழே போனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கருங்கல் ஜல்லி நல்லது. வேறு கல்லாக இருந்தால் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்புக்கல், பிஎச்சை இறங்கவே விடாது. கார்ப்பரேஷன் தண்ணீரை நேரே திறந்துவிட்டால் அதிலுள்ள குளோரின் பாக்டீரியாவையும் கொல்லும், மீனையும் விடாது. தனி டிரம்மில் ஓரிரு நாள் காற்றோட விட்டுப் பிறகு சேருங்கள். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. மீன் தீவனத்தில் செடிக்குப் போதுமான இரும்பும் பொட்டாசியமும் கிடையாது, தனியே தர வேண்டியதுதான். 'எந்த உரமும் வேண்டாம்' என்று விற்பவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், பூச்சி. மாடித்தோட்டக்காரர்களின் கை தானாக வேப்பெண்ணெய்க்கும் சோப்புக் கரைசலுக்கும் போகும். இங்கே அது கூடாது. சோப்பு செவுளை அரிக்கும், வேப்பெண்ணெயும் மீனுக்கு ஆகாது. தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லி இன்னும் மோசம். ஒரு வீட்டில் வெண்டைக்கு அடித்த கரைசல் படுகை வழியாக இறங்கி, ஒரே இரவில் தொட்டி காலி. செடியைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள், பூச்சியைக் கையால் எடுங்கள்.

மீன் எது என்பதிலும் ஏமாற்று உண்டு. சீக்கிரம் வளரும் என்று ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் தள்ளிவிடுவார்கள். அது நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. ஜிலேபியை வியாபார அளவில் வளர்ப்பதானால் மீன்வளத் துறையைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

மாதம் இத்தனை ஆயிரம் லாபம் என்று காட்டும் விளம்பரங்களைப் பற்றி என் கருத்து ஒன்றுதான். விற்பவரிடம், இரண்டு கோடையைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும் யூனிட் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். புதிதாகப் பொருத்தியதைக் காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். மீன் நெருக்கமாக இருக்கும் தொட்டியில் கரன்ட் போய் ஏர் பம்ப் நின்றால் சில மணி நேரத்தில் முதலே போய்விடும். இன்வெர்ட்டர் செலவை எந்தக் கொட்டேஷனிலும் நான் பார்த்ததில்லை.

ஆசிரியர் விடவில்லை. பிழைத்த மீன்களைத் தம்பி வீட்டுக் கிணற்றில் விட்டுவிட்டுத் தொட்டியைத் திரும்ப ஆரம்பித்தார். மீன் இல்லாமல், தினம் ஒரு பிடி தீவனத்தைப் போட்டு அழுகவிட்டு, அம்மோனியா 2, 3 மில்லிகிராம் காட்டும் வரை ஏற்றச் சொன்னேன். என் தொட்டியிலிருந்து ஒரு வாளி பழைய ஜல்லியையும் கொண்டுபோய்ப் போட்டேன், அந்த பிரெஞ்சுக்காரர்கள் மண் கரைத்த நீரை ஊற்றியதுபோல. தினமும் மாலையில் டெஸ்ட் கிட்டின் நிறத்தைப் படம் எடுத்து அனுப்புவார். 26ஆம் நாள் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் சிவப்பு, அதாவது நிறையவே இருக்கிறது. "இன்னைக்கு விடலாமா சார்?" என்று கேட்டார். இன்னும் மூன்று நாள் பாருங்கள் என்றேன்.

"குஞ்சு வாங்கிட்டு வந்துட்டேனே சார். பக்கெட்லதான் இருக்கு."