மண் பாதையில் மெத்தென்ற டயர் முந்துவது எப்படி?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் சைக்கிளை எடுத்துவிடுவேன். முழுக்க மண் பாதைதான், 60 கிலோமீட்டர். பையன் எழுந்து பல் தேய்ப்பதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது எனக்கும் கணவருக்கும் ஒப்பந்தம். நேரத்தை மிச்சம் பிடிக்க டயரில் கல்லு மாதிரி காற்றடித்துக்கொண்டு போகிறேன். ஆனாலும் நேரம் குறைவதாக இல்லை. திரும்பி வந்தால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன. பையனைத் தூக்கக்கூடக் கையில் தெம்பில்லை. காற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள். குறைத்தால் இன்னும் மெதுவாகத்தானே போகும்?"

மெதுவாகப் போகாது. மண் பாதையில் காற்றைக் குறைத்தால், ஓர் அளவு வரைக்கும், சைக்கிள் வேகமாகவே போகும். உங்கள் விரல் மரத்துப் போவதற்கும் நேரம் குறையாமல் இருப்பதற்கும் காரணம் ஒன்றுதான். நீங்கள் பெடலில் போடும் உழைப்பில் ஒரு பங்கு முன்னால் போகாமல் உங்கள் உடம்புக்குள்ளேயே போய்க் கரைகிறது. எப்படிக் கரைகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

அடிப்படைகளைச் சட்டென்று முடித்துவிடுவோம். சைக்கிளைத் தடுப்பவை மூன்று: எதிர்க்காற்று, ஏற்றம், உருளும்போது டயரில் ஏற்படும் இழப்பு. முதல் இரண்டுக்கும் டயரின் காற்றழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. மூன்றாவதில்தான் நமக்கு வேலை.

டயர் தரையில் படும் இடம் எவ்வளவு பெரியது என்பதைப் பள்ளிக்கூடக் கணக்கிலேயே கண்டுபிடிக்கலாம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. பின்சக்கரத்தின் மேல் 55 கிலோ இருந்தால் விசை சுமார் 540 நியூட்டன். டயரில் 80 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் தரையைத் தொடும் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர்கூட வராது. 40 பி.எஸ்.ஐ. என்றால் அது இரண்டு மடங்கு, கிட்டத்தட்ட ஒரு தீப்பெட்டியின் முகப்பளவு. சக்கரம் சுழலச் சுழல அந்தத் தீப்பெட்டி அளவு ரப்பர் ஒவ்வொரு கணமும் நசுங்கி, உடனே நிமிர்கிறது. நசுக்கக் கொடுத்த ஆற்றலை ரப்பர் முழுசாகத் திருப்பித் தருவதில்லை. கொஞ்சத்தை வெப்பமாக வைத்துக்கொள்கிறது. பள்ளி இயற்பியலில் காந்தத் தயக்கம் படித்திருப்பீர்கள். ரப்பருக்கும் அதே மாதிரி ஒரு தயக்கம் உண்டு.

காற்று குறைந்தால் நசுங்கும் அளவு கூடும். நசுங்கல் கூடினால் தயக்க இழப்பும் கூடும். ஆக இறுக்கி அடித்த டயர்தான் வேகம் என்று முடிவு வருகிறது. டயரை வழவழப்பான உருளையின் மேல் ஓட்டிச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களிலும் இதே முடிவுதான் வரும். அந்தச் சோதனையில் பொய் எதுவும் இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது: உருளையில் கல் இல்லை, சீட்டின் மேல் ஆள் இல்லை.

இப்போது ஒரு கல்லை வைப்போம். ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள சரளைக்கல் ஒன்று பாதையில் பதிந்திருக்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு ஐந்தரை மீட்டரில், சக்கரம் அதன் மேல் ஏறுகிறது. டயர் அந்தக் கல்லைத் தொட்டு விடுவதற்குள் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம்தான். எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் அத்தனையும் அந்த இமைப்பொழுதுக்குள் நடந்து முடிகிறது.

டயர் இளக்கமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லின் முன்முகம் டயரில் அழுந்துகிறது; அந்த அழுத்தம் சாய்வாகப் பின்பக்கம் தள்ளுகிறது, வண்டி துளி வேகம் குறைகிறது. டயர் கல்லைச் சுற்றி வளைந்து அதை உள்ளே வாங்கிக்கொள்கிறது. அச்சு உயர்வது மிகக் கொஞ்சம்தான். உள்ளே இருக்கும் காற்று இறுகி நிற்கிறது. அடுத்த கணம் சக்கரம் உச்சியைத் தாண்டுகிறது. இப்போது டயர் பற்றியிருப்பது கல்லின் மறுமுகத்தை. இறுகிய காற்று விரியும்போது டயர் அந்தச் சரிவை உந்துகிறது; எதிர்விசை வண்டியை முன்னே தள்ளுகிறது. ஏறும்போது பறித்ததை இறங்கும்போது கல்லே திருப்பித் தந்துவிடுகிறது! காற்றைப் போல நாணயமான சுருள்வில் கிடைப்பது அரிது. அது எடுத்ததில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். டயரின் ரப்பரும் உள்ளே இருக்கும் நூல் நெசவும் எடுத்துக்கொள்வதுதான் நட்டம். அதனால்தான் மெல்லிய, நன்றாக வளையும் நெசவுள்ள டயர்களுக்கு அவ்வளவு மதிப்பு.

இறுக்கமான டயருக்கு வருவோம். அது கல்லை உள்ளே வாங்க மறுக்கிறது. முன்முகத்தில் மோதியதும் சக்கரம் மேலே எகிறுகிறது. எகிறிய சக்கரம் கல்லின் மறுமுகத்தைத் தொடவே தொடாமல் தாண்டி, அந்தப் பக்கத் தரையில் போய் விழுகிறது. முன்னே தள்ள வேண்டிய அந்தச் சரிவு சும்மா கிடக்கிறது. கல் பறித்தது பறித்ததுதான், திரும்பி வரவில்லை.

பறிபோன ஆற்றல் எங்கே? மேல்நோக்கிய துள்ளலாக மாறிவிட்டது. 55 கிலோவை ஒரு சென்டிமீட்டர் தூக்க சுமார் 5 ஜூல் வேண்டும். மீட்டருக்கு ஒரு கல் என்றால் நொடிக்கு ஐந்தாறு கல். கிட்டத்தட்ட 30 வாட். இது மேல்வரம்பு. முழங்காலும் முழங்கையும் மடங்குவதால் உடம்பு முழுவதும் அவ்வளவு உயராது. ஆனாலும் பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவர் மணிக்கணக்கில் தாக்குப்பிடிப்பது சுமார் 100 வாட் என்னும்போது, அதில் ஒரு சிறு பங்கு போனால்கூடப் பெரிய கசிவுதான். துள்ளல் கைப்பிடி வழியாகவும் சீட் வழியாகவும் உடம்புக்குள் ஏறுகிறது. உடம்பு சுருள்வில் இல்லை. தசை, கொழுப்பு, குடல் எல்லாம் சேர்ந்த நீர் மூட்டை. துள்ளலை வாங்கி, குலுங்கி, வெப்பமாக்கிவிடும். ஒரு வாட்கூடத் திரும்பாது.

1960களில் அமெரிக்க ராணுவத்தின் கவச வாகன ஆய்வாளர்கள் இதையே வேறொரு பக்கத்திலிருந்து அளந்தார்கள். கரடுமுரடான நிலத்தில் டாங்கி ஓட்டும் வீரரின் உடம்பு எத்தனை வாட் அதிர்வை உறிஞ்சுகிறது என்பது அவர்கள் கேள்வி. 6 வாட்டைத் தாண்டினால் ஓட்டுநர் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடுவார் என்பது அதிலிருந்து பிறந்த அளவுகோல். வெறும் 6 வாட்! இரவு விளக்கு ஒன்றின் மின்திறன்தான். உடம்புக்கு அது அவ்வளவு பெரிய தண்டனை.

அதற்கு மேல் இன்னொன்றும் நடக்கிறது. தசைநாரில் அதிர்வு பட்டால் அந்தத் தசை நம்மைக் கேட்காமலே இறுகும். ஹேண்டில்பார் அதிர அதிர, நாம் அறியாமலே பிடி இறுகிக்கொண்டே போகிறது. இறுகிய உள்ளங்கையில், சுண்டு விரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் போகும் நரம்பு, மணிக்கட்டுப் பக்கம் நசுங்குகிறது. வாசகியின் விரல்கள் சொன்னது இதைத்தான். குலுங்காமல் வந்தால் அதே 60 கிலோமீட்டருக்குப் பிறகும் பையனைத் தூக்கக் கையில் வலு மிஞ்சும். குடும்பத்தோடு வாழ்கிறவருக்கு நிமிடக் கணக்கைவிட அந்த மிச்சமே பெரிது என்பது என் எண்ணம்.

இந்த இடத்தில் ஓர் அப்பாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜான் பாய்ட் டன்லப், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவர். மகனின் மூன்று சக்கர சைக்கிள் கெட்டி ரப்பர் டயரில் தடதடத்துக்கொண்டிருந்தது. டன்லப் ஒரு மரத் தட்டை எடுத்து, மெல்லிய ரப்பர் தாளில் குழாய் செய்து, துணியால் சுற்றி அதன் விளிம்பில் ஆணியடித்துக் காற்றை நிரப்பினார். பிறகு செய்ததுதான் அழகு. மகனின் சைக்கிளிலிருந்து கழற்றிய சக்கரத்தையும் இந்தக் காற்றுச் சக்கரத்தையும் முற்றத்தில் அடுத்தடுத்து உருட்டிவிட்டார். கெட்டி டயர் பாதியில் சுருண்டு விழுந்தது. காற்று டயரோ முற்றத்தின் மறுகோடி வரை ஓடி, கேட்டில் மோதித் திரும்பியது. சொகுசைத் தேடிப் போனவர் கையில் வேகமும் சேர்ந்தே கிடைத்தது. 1888இல் காப்புரிமை பெற்றார்; 1889இல் பெல்ஃபாஸ்ட் பந்தயங்களில் காற்று டயர் சைக்கிள் மற்றவற்றை முந்தியது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845இலேயே இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தது பின்னால் தெரியவர, டன்லப்பின் உரிமை செல்லாமல் போனது. ஆனாலும் முற்றத்தில் அவர் உருட்டிய சக்கரம் சொன்ன உண்மை செல்லாமல் போகவில்லை. பாதை கரடாக இருந்தால் வளைந்து கொடுக்கும் சக்கரமே தூரம் போகும்.

அப்புறம் ஏன் இத்தனை பேர் கல்லாக இறுக்கி அடிக்கிறார்கள்? இறுகிய டயர் வேகமாகப் போவது போலவே இருக்கும். வேகம் கூடினால் அதிர்வு விரைவாவதைப் பழகிய மூளை, இறுகிய டயரின் படபடப்பையும் வேகம் என்றே எடுத்துக்கொள்கிறது. நம்பிக்கை உடம்பில் ஊறிவிட்டால் அதைக் கடிகாரத்தைக் காட்டித்தான் அசைக்க முடியும். மூடநம்பிக்கைகள் அத்தனையும் வாழ்வது இப்படித்தான் என்று நினைக்கிறேன். அனுபவம் உண்மையாக இருக்கும், அதற்குச் சொல்லும் காரணம் தவறாக இருக்கும்.

மண் பாதையில் டயரால் மட்டும் சமாளிக்க முடியாத ஒன்றும் உண்டு: குறுக்கே வரிவரியாக எழுந்து நிற்கும் மேடுகள். டொராண்டோவின் ஸ்டீபன் மோரிஸ், பிரான்சின் நிக்கோலா தாபர்லே, கேம்பிரிட்ஜின் ஜிம் மெக்கெல்வெய்ன் ஆகியோர் 2007இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். சுழலும் மேடையில் மணலைப் பரப்பி, அதன் மேல் ஒரு சக்கரத்தை ஓடவிட்டார்கள், அவ்வளவுதான். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் சமமான மணலில் வரிகள் தாமாகவே எழுந்தன. வண்டியின் ஸ்பிரிங் அதற்குத் தேவைப்படவில்லை. சக்கரத்தை எடுத்துவிட்டுச் சாய்ந்த பலகையை இழுத்தாலும் வரி வந்தது. மணலும் ஒரு தட்டும் போதும் இந்த மாதிரி ஆய்வுக்கு. "இதனால் என்ன பயன்?" என்று கேட்டு இப்படிப்பட்ட ஆய்வுக்கு நிதி மறுக்கும் குழுக்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். உலகில் எத்தனையோ லட்சம் கிலோமீட்டர் மண் சாலை இருக்கிறது. அதில் போகும் ஒவ்வொரு முதுகெலும்புக்கும் இது பயன்தான்.

இந்த வரிகளின் இடைவெளி பல சமயம் ஒரு மீட்டரை ஒட்டி வரும். நொடிக்கு ஐந்தரை மீட்டர் போனால் நொடிக்கு ஐந்தரைக் குலுக்கல். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு ஒத்ததிர்வுக்கு வருவதும் நொடிக்கு ஐந்து தடவையை ஒட்டித்தான்! குடல் குலுங்கிப்போவதற்குக் காரணம் இந்தப் பொருத்தம். பாதை ஓரத்தில் வரி தேய்ந்திருக்கும், அங்கே ஒதுங்குங்கள். ஒதுங்க வழியில்லை என்றால் சீட்டைவிட்டு எழுந்து, முழங்காலையும் முழங்கையையும் தளர்த்தி விடுங்கள். மடங்கிய முழங்கால் அந்தக் குலுக்கலைப் பெருமளவு தானே வாங்கிக்கொள்ளும்.

இனி, எவ்வளவு காற்று? டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் மேல்வரம்பு. அதுவரை அடிக்கச் சொல்லும் உத்தரவு இல்லை. 40, 45 மில்லிமீட்டர் அகல டயருக்கு நடுத்தர எடைக்காரர் 35 முதல் 40 பி.எஸ்.ஐ.யில் தொடங்கலாம். முன்சக்கரத்தில் சுமை குறைவு, அதனால் அங்கே இன்னும் இரண்டு மூன்று குறைத்துக்கொள்ளலாம். மிகவும் குறைத்தால் தயக்க இழப்பு மறுபடி தலையெடுக்கும். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் மாட்டி, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை விழும்.

உங்கள் பாதைக்குச் சரியான எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். டன்லப்பின் முற்றத்தைச் சற்று நீட்டினால் போதும். நானும் மகளும் செய்வது இது: லேசாக இறங்கிப் பிறகு சமமாகும் மண் பாதையில் ஒரே இடத்திலிருந்து, பெடலை மிதிக்காமல், ஒரே மாதிரி உட்கார்ந்து வண்டியை உருள விடுவேன். அது நிற்கிற இடத்தில் அவள் குச்சியால் கோடு போடுவாள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மூன்று தடவை. 60இல் தொடங்கி ஐந்தைந்தாகக் குறைப்போம். காற்று வீசாத காலையாகப் பாருங்கள். மற்றபடி தேவையெல்லாம் ஒரு பிரஷர் கேஜும் ஒரு குச்சியும். முதல் நாள் கோடுகள் ஒவ்வொன்றாக முன்னே நகர்ந்துகொண்டே போயின. ஓர் இடத்துக்குப் பிறகு திரும்பிப் பின்வாங்கின. அவள் திரும்பிய இடத்தைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, கேஜைப் பார்த்து எண்ணைச் சத்தமாகப் படித்தாள்.

வாசகிக்கு ஒரு விஷயம் பாக்கி. பையனைப் பின்னால் குழந்தை இருக்கையில் வைத்துப் போகும் நாளில் அந்த எண் பொருந்தாது. சுமை பின்சக்கரத்தில் ஏறுவதால் அங்கே காற்றைக் கூட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் ரிம் கல்லில் இடிக்கும். உங்களைப் போல எழுந்து நின்று முழங்காலை மடக்க அவனால் முடியாது. பெல்ட் போட்டுக் கட்டியிருக்கும் அந்தச் சின்ன முதுகு வரிமேட்டின் ஒவ்வொரு அடியையும் அப்படியே வாங்கும். அன்றைக்கு அகலமான டயரை மாட்டுங்கள், வரி இல்லாத பாதையாகப் பாருங்கள். பையன் விழித்த பிறகே கிளம்பலாம், அன்றைக்கு ஒப்பந்தம் கிடையாது.