டாரின்: பெயரில் மட்டுமே காளை

"காளைச்சத்து ஊட்டப்பட்ட குஞ்சுகள் மூர்க்கம் மிக்கவையாக வளர்ந்தன." சென்ற வாரம் மெய்ப்புப் பார்க்க என்னிடம் வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இருந்த வரி இது. டாரின் என்பது விலங்குகளின் உடலில் உள்ள, கந்தகம் கொண்ட ஒரு சத்துப்பொருள். அதைக் காளைச்சத்து என்று எழுதுவதை நான் பல முறை அடித்துத் திருத்தியிருக்கிறேன். இதுவரை காளைச்சத்து ஒரு பொருத்தமற்ற பெயராக மட்டுமே இருந்தது. இந்த வரியில் அது பக்கத்துச் சொல்லையும் கெடுத்திருக்கிறது. மூலத்தில் மூர்க்கம் என்ற பொருளே இல்லை. காளை வந்ததால் மூர்க்கமும் கூடவே வந்துவிட்டது.

பெயரின் கதை சிறியது. 1827இல் டீடெமான், க்மெலின் என்ற இரண்டு ஜெர்மானிய அறிஞர்கள் எருதின் பித்தநீரிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். காளையைக் குறிக்கும் கிரேக்க, லத்தீன் சொல்லான 'டாரஸ்' பின்னர் இதன் பெயருக்கு வேரானது. அவ்வளவுதான். முதலில் கிடைத்த இடத்தை வைத்து இட்ட பெயர் இது. பொருளின் இயல்பைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை.

இப்படிப் பெயர் பெற்றவை வேதியியலில் ஏராளம். டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் பெயர், பாலாடைக்கட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. அதை யாரும் கட்டிச்சத்து என்று எழுதுவதில்லை. இன்சுலின் என்ற பெயருக்குள் தீவு என்று பொருள்படும் லத்தீன் சொல் இருக்கிறது. நீரிழிவு நோயாளியிடம் எந்த மருத்துவரும் தீவுநீர் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வதில்லை. யூரியா எந்தச் சொல்லிலிருந்து வந்தது என்பதை உழவர்கள் அறிந்தாலும் அறியாவிட்டாலும், யூரியா யூரியாதான். டாரினுக்கு மட்டும் ஏன் வேர்ச்சொல்லைத் தோண்டி எடுத்து மொழிபெயர்க்க வேண்டும்?

தூய தமிழ் வேண்டும் என்கிறவர்களோடு எனக்குப் பகை இல்லை. பித்தநீர், கணையம், விழித்திரை போன்ற ஆக்கங்களை நான் நாள்தோறும் நன்றியோடு பயன்படுத்துகிறேன். உறுப்பு எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்பதை அவை கண்முன் நிறுத்துகின்றன. விழித்திரை என்றதும் ஒளி விழும் திரை தெரிகிறது. காளைச்சத்து என்றதும் என்ன தெரிகிறது? தமிழில் காளை என்றால் விலங்கு மட்டும் இல்லை. திரண்ட தோளுடைய இளைஞனும் காளைதான். வீரமும் ஆண்மையும் அந்தச் சொல்லோடு ஒட்டியே வருகின்றன. அதனால்தான் காளையின் விந்திலிருந்து எடுக்கப்படுகிறது என்ற பொய் இத்தனை எளிதாக ஒட்டிக்கொள்கிறது. இன்று விற்பனைக்கு வரும் டாரின், ஆலையில் எத்திலீன் ஆக்சைடு போன்ற வேதிப்பொருள்களிலிருந்து தயாரிக்கப்படுகிறது. அதற்காக எந்த மாட்டையும் யாரும் தேடிப் போவதில்லை. அந்தப் பழைய ஆய்வில் பயன்பட்ட பித்தநீர்கூட எருதுடையது. எருதுக்கும் காளைக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

மாற்றுப் பெயராகப் பித்த அமிலம் என்று சிலர் எழுதுகிறார்கள். பித்தநீரில் கொழுப்பைக் கரைக்கும் கோலிக் அமிலம் முதலியவற்றுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே வழங்குகிறது. டாரின் அவற்றோடு சேரும் பொருள். அவற்றில் ஒன்று அல்ல. கந்தக அமிலம் என்பது இன்னும் மோசம். அது தோலைப் பொசுக்கும் வேறொரு பொருளின் பெயர். புரதத்தின் அடிப்படை அலகு என்ற விளக்கமும் பிழைதான். டாரின் மற்ற அமினோ அமிலங்களைப் போலப் புரதச் சங்கிலியில் கோக்கப்படுவதில்லை. கார்பாக்சிலிக் அமிலத் தொகுதி இருக்க வேண்டிய இடத்தில் இதற்கு சல்போனிக் அமிலத் தொகுதி இருக்கிறது. உடலில் அது பெரும்பாலும் தனித்தே உலவுகிறது.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. புரதத்தின் அலகு என்று படித்தவர், விலங்கின் வளர்ச்சியில் டாரினின் பங்கு தசை போடுவது என்றே எண்ணிக்கொள்வார். பூனையைப் பாருங்கள். தனக்கு வேண்டிய டாரினைப் பூனையால் போதிய அளவு உண்டாக்க முடியாது. அதன் பித்த அமிலங்கள் டாரினோடு மட்டுமே இணைவதால் இழப்பும் தொடர்ந்து நடக்கிறது. டாரின் குறைந்த பூனைக்கு விழித்திரை சிதைகிறது என்று 1975இலும், இதயத் தசை தளர்ந்து விரிகிறது என்று 1987இலும் ஆய்வாளர்கள் காட்டினார்கள். குறைபாடுள்ள தாய்ப்பூனை ஈனும் குட்டிகள் எடை குறைந்து பிறக்கின்றன; பல பிழைப்பதில்லை; பிழைப்பவற்றின் பின்னங்கால் நடை கோணுகிறது. கண், இதயம், மூளை ஆகியவை ஒழுங்காக உருவாவதற்கும் நிலைப்பதற்கும் வேண்டிய பொருள் இது. தாவரங்களில் ஏறக்குறைய இல்லை என்பதால், பூனைக்குச் சைவ உணவு மட்டும் கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். அவர்களுக்குப் போய்ச் சேரும் தமிழ்க் கட்டுரையில் காளைச்சத்து என்று இருந்தால், மாட்டிறைச்சி வாங்கிப் போடு என்றுதான் புரிந்துகொள்வார்கள். மீனிலும் கோழியிலும் டாரின் இருப்பது அந்தப் பெயருக்குள் மறைந்துபோகிறது.

டாரின் என்ற இதே சொல் ஆங்கிலத்தில் மாட்டினத்தின் அடைமொழியாகவும் வரும். திமில் இல்லாத மாட்டு வகையை அது குறிக்கும். கால்நடைக் கட்டுரை ஒன்றில் அதை 'டாரின் சத்து மிகுந்த மாடுகள்' என்று பெயர்த்திருந்ததை நானே பார்த்தேன். அகராதியில் முதல் பொருளோடு நின்றுவிட்டால் இப்படித்தான் ஆகும்.

அந்தக் குஞ்சுகளுக்கு வருகிறேன். அவை ஐரோப்பாவில் வாழும் நீலப் பட்டாணிக்குருவியின் குஞ்சுகள். தாய்ப்பறவையும் தந்தைப்பறவையும் சிறு குஞ்சுகளுக்குச் சிலந்திகளைத் தேடித் தேடி ஊட்டுகின்றன. சிலந்தியில் டாரின் மிகுதி. 2007இல் வெளிவந்த ஆய்வில், கூடுதலாக டாரின் பெற்ற குஞ்சுகள் வளர்ந்தபின் அறியாத பொருளை அதிகம் தயங்காமல் அணுகின. இரை இருக்கும் இடத்தை நினைவில் கொள்வதிலும் தேர்ந்திருந்தன. இதில் முட்டி மோதும் மூர்க்கம் எங்கே இருக்கிறது? நரம்பு மண்டலத்தில் டாரின், கிளர்ச்சியைத் தணிக்கும் ஏற்பிகளில்தான் (நரம்புச் செல்கள் வேதிச் செய்தியைப் பெறும் இடங்களில்தான்) செயல்படுகிறது. மொழிபெயர்ப்பாளர் ஆய்வைப் படிக்கும்முன் காளையைப் படித்துவிட்டார்.

டாரின் என்றே எழுதுங்கள். டகரம் சொல்லுக்கு முதலில் வராது என்ற இலக்கணத்தைக் காக்க விரும்புகிறவர்கள் தாரின் என்று எழுதட்டும், எனக்கு மறுப்பில்லை. டாக்டரையும் டிக்கெட்டையும் ஏற்ற வாசகருக்கு டாரின் பாரமாக இராது. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'கந்தகம் கொண்ட அமினோ சல்போனிக் அமிலம்' என்று ஒரு விளக்கம் சேர்த்தால் போதும். மெய்ப்பில் அந்த வரியை அடித்துவிட்டு ஓரத்தில் இப்படி எழுதி அனுப்பினேன்: "டாரின் கூடுதலாகப் பெற்ற குஞ்சுகள், வளர்ந்தபின் புதியவற்றை நெருங்க அவ்வளவாக அஞ்சவில்லை."