கண்மாய் மண்ணிலும் பழைய இரும்பிலும் கிடைக்கும் கிரனேடு குண்டுகள்: சட்டம் என்ன சொல்கிறது?

கையெறி குண்டு, லாஞ்சரில் (குண்டு சுடும் குழாயில்) வைத்துச் சுடும் குண்டு, ஷெல், ராக்கெட் எல்லாமே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ‘தடைசெய்யப்பட்ட’ வகை. மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. துப்பாக்கி லைசென்ஸ் இதற்குச் செல்லாது. மீறினால், 2019 திருத்தத்துக்குப் பின், 7 முதல் 14 ஆண்டு வரை சிறை. ‘துருப்பிடித்த பழசுதானே’ என்ற வாதமும் எடுபடாது. பிரிவு 45-இல் பழங்காலப் பொருளுக்கு உள்ள விலக்கு சுட முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான், குண்டுக்கு இல்லை. தெரிந்தே வைத்திருப்பதுதான் குற்றம். ஆகவே கண்டவுடன் தகவல் சொல்பவர் பயப்பட வேண்டியதில்லை.

நின்ற இடத்திலிருந்தே அடையாளம் பாருங்கள். பிரிட்டிஷ் காலத்து 36-ஆம் எண் குண்டு பள்ளம் பள்ளமாக வார்த்த இரும்பு. முக்கால் கிலோ இருக்கும். கையால் எறிவதுண்டு, அடியில் வட்டத் தகடு திருகித் துப்பாக்கி முனைக் கிண்ணத்தில் வைத்துச் சுடுவதும் உண்டு. 40 மி.மீ. லாஞ்சர் குண்டு குட்டையாக, உருண்ட மூக்கோடு இருக்கும். அதன் இடுப்பில் உள்ள உலோகப் பட்டையில் சாய்வான கீறல்கள் தெரிந்தால் அது சுடப்பட்ட குண்டு. இதுதான் மிக ஆபத்தானது. குழாயிலிருந்து சுழன்று வெளியேறிச் சில பத்து மீட்டர் பறந்ததும் அதை வெடிக்க வைக்கும் ஃபியூஸ் தயாராகிவிடும். சேற்றிலோ தண்ணீரிலோ விழுந்து வெடிக்காமல் போனால் அந்த நிலையிலேயே கிடக்கும். லேசாக அசைத்தாலும் போதும், வெடித்துவிடலாம். பெயின்டை நம்பாதீர்கள், மண்ணில் கிடந்தால் நிறம் போய்விடும்.

தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், வாளியில் போட்டு ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போகாதீர்கள். நூறு நாள் வேலையில் மண்வெட்டி பட்டால் அப்படியே விட்டுவிட்டு, வந்த வழியே எல்லாரும் விலகுங்கள். 100 மீட்டருக்குக் குறையாமல், சுவர் மறைவுக்குப் போன பிறகே போனை எடுத்து 112-ஐ அழையுங்கள். ஊர், கண்மாய் அல்லது கடையின் பெயர், அருகிலுள்ள அடையாளம் சொன்னால் போதும். மேலூரோ உசிலம்பட்டியோ மதுரை மாநகரமோ, உரிய காவல் நிலையத்துக்கு அவர்களே தெரிவிப்பார்கள். செயலிழக்கச் செய்வது வெடிகுண்டு நிபுணர் குழுவின் வேலை, ஸ்டேஷன் காவலருடையது அல்ல.

பழைய இரும்புக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. 2004-இல் காசியாபாத் இரும்பாலையில் இறக்குமதிப் பழைய இரும்போடு வந்த குண்டு வெடித்து உயிர்கள் போயின. துறைமுகம் வழி வரும், துண்டாக்கப்படாத இரும்புக்கு ஏற்றுமதிக்கு முந்தைய ஆய்வுச் சான்று பொதுவாகத் தேவை, சில நாடுகளிலிருந்து வருவதற்கு விலக்கு உண்டு. சான்று இருந்தால் நகலைக் கேட்டு வாங்குங்கள். சந்தேகமான உருளை எதையும் கேஸ் கட்டரிடம் கொடுக்காதீர்கள். குண்டு கிடைத்ததை எழுத்தில் புகாராகக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கு ஸ்டேஷன் தரும் ரசீது) வாங்கி வையுங்கள். பின்னால் விசாரணை வந்தால் நீங்கள்தான் தகவல் கொடுத்தீர்கள் என்பதற்கு அதுவே ஆதாரம்.