ஸ்க்ரீன் ரெக்கார்டிங்: எடிட்டரிடம் வரும் முன்பே கெட்டுப்போகும் வீடியோக்கள்

வடபழனியில் ஒரு மாடி அறையில் எடிட்டிங் செய்கிறேன். இந்தப் பக்கம் எடிட்டர் என்றாலே "எந்தப் படம் சார்?" என்று கேட்பார்கள். எனக்குச் சோறு போடுவது பாட வீடியோக்கள்தான். டாலி, எக்செல், கோடிங் சொல்லித்தருகிறவர்கள் தங்கள் கணினித் திரையைப் பதிவுசெய்து பென் டிரைவில் கொண்டுவருவார்கள். வெட்டி ஒட்டி, சத்தம் சரிசெய்து கொடுப்பேன்.

போன வருஷம் அசோக் நகரிலிருந்து டாலி வகுப்பு எடுக்கும் ஒரு மேடம் வந்தார். ஒரு மணி நேரப் பாடம். முதல் ஐந்து நிமிடம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பாதி தாண்டியதும் குரல் ஒரு பக்கம், மவுஸ் ஒரு பக்கம்.

"தம்பி, நான் என்டர் தட்டுங்கன்னு சொல்றதுக்கு முன்னாடியே ஸ்க்ரீன்ல தட்டியாச்சு. உங்க சாஃப்ட்வேர்ல ஏதாவது கோளாறா?"

"இல்லை மேடம், ஃபைலே அப்படித்தான் வந்திருக்கு."

"என் லேப்டாப்ல போட்டா சரியாத்தானே ஓடுது?"

அவர் சொன்னதும் உண்மைதான். குழப்பம் தொடங்குவதே அங்கேதான்.

திரையைப் பதிவுசெய்யும் சில மென்பொருட்கள், முக்கியமாக போனில் இருப்பவை, ஒரு நொடிக்கு இத்தனை ஃப்ரேம் (வீடியோவை உருவாக்கும் தனித்தனிப் படங்கள்) என்று கறாராக எடுப்பதில்லை. திரையில் எதுவும் அசையாவிட்டால் ஃப்ரேம்களைக் குறைத்துக்கொள்ளும். கணினி திணறினாலும் அப்படித்தான். இதற்கு வேரியபிள் ஃப்ரேம் ரேட் என்று பெயர். ஒவ்வொரு ஃப்ரேமும் எந்த நேரத்துக்கு உரியது என்ற குறிப்பு ஃபைலுக்குள் இருக்கும். விஎல்சி போன்ற பிளேயர் அதைப் படித்து ஒழுங்காக ஓட்டிவிடும். நாங்கள் வெட்டி ஒட்டும் எடிட்டிங் டைம்லைனோ நொடிக்கு 30 என்றால் 30 என்று அளந்து போட்ட கட்டம். சில எடிட்டிங் மென்பொருட்கள் அந்தக் குறிப்பைப் பார்த்துச் சமாளிக்கும், சில சமாளிக்காது. சமாளிக்காதவற்றில் படம் ஓடும் நேரம் சுருங்கும், ஒலி அப்படியே இருக்கும். சராசரியாக நொடிக்கு 29.9 ஃப்ரேம் வந்த ஃபைலை 30 என்று எடுத்துக்கொண்டால், ஒரு மணி நேர முடிவில் படம் 12 நொடி முந்திவிடும். மேடத்துக்கு நடந்தது இதுதான். ஒலியை ஓரிடத்தில் இழுத்து ஒட்டினால் பத்து நிமிடம் கழித்து மறுபடி விலகும். எனக்கு அதில் ஒரு இரவு போனது.

உங்கள் ஃபைல் எந்த ரகம் என்று பார்க்க மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். ஃப்ரேம் ரேட் மோட் என்ற இடத்தில் கான்ஸ்டன்ட் என்று இருந்தால் நிம்மதி. வேரியபிள் என்று இருந்தால், எடிட்டிங் தொடங்கும் முன்பே ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு, கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் தேர்ந்தெடுத்து மாற்றிவிடுங்கள். பாதி வெட்டிய பிறகு மாற்றினால் வெட்டிய இடங்கள் எல்லாம் நகர்ந்துபோகும் அபாயம் உண்டு. ஜூமில் வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு சின்ன உதவி: கணினியிலேயே பதிவு செய்வதாக இருந்தால், ரெக்கார்டிங் அமைப்புகளில் 'ஆப்டிமைஸ் ஃபார் தேர்ட் பார்ட்டி வீடியோ எடிட்டர்' என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. ஃபைல் பெரிதாகும், பரவாயில்லை, டிக் செய்யுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருள்தான். இலவசம். முக்கியமாக, அது கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்டில்தான் பதிவு செய்யும். பாட வீடியோவுக்கு 30 ஃப்ரேம் தாராளம். கேம் ஆடிக் காட்டுகிறவர்கள் 60 வைத்துக்கொள்ளட்டும். டாலியில் வவுச்சர் போடுவதற்கு 60 எதற்கு? கூடவே முகத்தைத் தனி கேமராவில் எடுத்தால் அதையும் 30-இல் எடுங்கள். ஒன்று 25, ஒன்று 30 என்று வந்தால் எதிலாவது ஒன்றில் துள்ளல் தெரியும்.

முகம் என்றதும் ஒரு உபரித் தகவல். வெப்கேம் படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்தால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்குகளும் அதற்கேற்பவே மினுங்கும். சில வெப்கேம்கள் 60 ஹெர்ட்ஸுக்கு வைத்தே வருகின்றன. அமைப்பில் 50 என்று மாற்றினால் பெரும்பாலும் பட்டை போய்விடும்.

அடுத்து பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு எவ்வளவு தகவல் செலவாகிறது என்ற அளவு. நேரலைக்குச் சொல்லப்படும் அளவை அப்படியே பதிவுக்கும் வைத்துவிடுகிறார்கள். நேரலையில் இணைய வேகத்துக்குக் கட்டுப்பட வேண்டும், அதனால் நிலையான பிட்ரேட். வட்டில் பதியும்போது அந்தக் கட்டாயம் இல்லை. பிட்ரேட்டுக்குப் பதில் தரத்தை வைத்துப் பதியும் சிஆர்எஃப் அல்லது சிக்யூபி முறையைத் தேர்ந்தெடுத்து 18 முதல் 23-க்குள் ஓர் எண் கொடுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். எதுவும் அசையாத திரைக்கு இந்த முறை இடத்தையும் மிச்சம் பிடிக்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: நொடிக்கு நிலையான 20 மெகாபிட் வீதம் ஒரு மணி நேரம் பதிந்தால் 9 ஜிபி. ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பழைய பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. இது தெரியாமல் டிரைவ் கெட்டுவிட்டது என்று ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய்ப் புதிது வாங்கி வந்தவர்கள் இருக்கிறார்கள். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் வேலை முடிந்தது. உள்ளே இருப்பதை முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள், ஃபார்மேட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும்.

டைம்லைனில் முன்னும் பின்னும் இழுக்கும்போது படம் திக்கித் திக்கி வருகிறதா? கணினி பழசு என்பது மட்டும் காரணமாக இருக்காது. எச்.264 என்ற பரவலான சுருக்கும் முறையில் பதிந்த வீடியோவில் எப்போதாவது ஒரு ஃப்ரேம்தான் முழுப் படம், அதற்குக் கீஃப்ரேம் என்று பெயர். மற்றவை முன்பின் ஃப்ரேம்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். நீங்கள் நடுவில் எங்கே நிறுத்தினாலும் கணினி முந்தைய கீஃப்ரேமுக்குப் போய் அங்கிருந்து கணக்குப்போட்டு வர வேண்டும். வீடியோவை இப்படிச் சுருக்கித் தரும் எக்ஸ்264 என்கோடரைத் தானாக விட்டால் இரண்டு கீஃப்ரேம்களுக்கு நடுவே 250 ஃப்ரேம் வரை போகும், அதாவது எட்டு நொடிக்கு மேல். ஓபிஎஸ்ஸில் கீஃப்ரேம் இன்டர்வல் என்ற இடத்தில் 1 அல்லது 2 நொடி என்று போடுங்கள். ஃபைல் கொஞ்சம் ஊதும், என்னைப் போன்றவர்கள் உங்களை வாழ்த்துவோம்.

எம்பி4 பற்றி ஒரு சோகக் கதையும் உண்டு. மழைக்காலம், ஒருவர் ஐம்பது நிமிடம் பேசி முடிக்கப்போகும் நேரத்தில் கரண்ட் போனது. யுபிஎஸ் இல்லை. சாதாரண எம்பி4 ஃபைல், எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். அது எழுதப்படாததால் அந்த ஃபைலைத் திறக்கவே முடியவில்லை. எம்கேவி என்ற இன்னொரு ஃபைல் வகை அப்படியில்லை, கரண்ட் போன நொடிக்குச் சற்று முன்வரை இருப்பது மிஞ்சும். எம்கேவியில் பதிந்து, முடிந்ததும் ஓபிஎஸ்ஸின் ஃபைல் மெனுவில் உள்ள ரீமக்ஸ் வழியாக எம்பி4 ஆக்கிக்கொள்ளுங்கள். தரம் குறையாது, நேரமும் அதிகம் ஆகாது.

சிவப்பு நிற மெல்லிய எழுத்து கறுப்புப் பின்னணியில் கலங்கித் தெரிவதாகச் சிலர் கேட்கிறார்கள். நிறத் தகவலைக் குறைத்துச் சேமிக்கும் முறையால் வருவது அது. நிறத்தைக் குறைக்காமல் சேமிக்கும் 4:4:4 முறைக்கு மாற்றினால் தீரும், ஆனால் பல கணினிகளில் எடிட்டிங் மூச்சு வாங்கும். திரையில் எழுதும் பேனாவின் நிறத்தை மாற்றிவிடுங்கள் என்பதுதான் என் சிபாரிசு.

ஒலி அமைப்பில் சாம்பிள் ரேட்டை 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். மைக் ஒரு டிராக், கணினியின் சத்தம் இன்னொரு டிராக். நடுவில் வாட்ஸ்அப் மணி அடித்தால் அதை மட்டும் வெட்டி எடுக்க இதுதான் வழி.

அசோக் நகர் மேடத்துக்கு இவை எல்லாவற்றையும் நானே உட்கார்ந்து அமைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஃபைல் வந்தது. கான்ஸ்டன்ட், 30, கீஃப்ரேம் 2 நொடி, இரண்டு டிராக், எல்லாம் கச்சிதம். மைக் டிராக்கில் மட்டும் ஒன்றுமே இல்லை, ம்யூட்டில் இருந்திருக்கிறது. இப்போதெல்லாம் பாடம் தொடங்கும் முன் அரை நிமிடம் பதிந்து, ஒரு தடவை கைதட்டி, ஹெட்போனில் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்.