கழற்றி வைத்த பிளக்கில் 212 வோல்ட்

குன்னூரில் இருபது வருஷமாக வீட்டு ஒயரிங் வேலை பார்க்கிறேன். போன ஐப்பசி மழையில், சுவிட்ச் போர்டு ஷாக் அடிக்கிறது என்று வெலிங்டன் பக்கம் ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். அந்த வேலை சீக்கிரம் முடிந்தது. கிளம்பும்போது அந்த வீட்டுப் பெரியவர், "தம்பி, இதையும் ஒரு பார்வை பார்த்துடுங்க" என்று உள்ளே அழைத்துப் போனார்.

மேஜை மேல் நம்ம மலை ரயில்! நாலடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை இரண்டு. அதில் கல்லாறு முதல் குன்னூர் வரை பேரனும் அவரும் சேர்ந்து செய்திருந்தார்கள். நிஜப் பாதை பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏறும். பலகையில் அப்படியே வைத்தால் நாலடிக்குள் கிட்டத்தட்ட நாலங்குலம் ஏற வேண்டும். பல்சக்கரம் இல்லாத மாடல் எஞ்சின் வழுக்கிவிடும் என்று ஏற்றத்தை நன்றாகக் குறைத்திருந்தார்கள். பாறைகளுக்குப் பேப்பர் கூழ், தேயிலைச் செடிகளுக்குச் சாயம் தோய்த்த மரத்தூள். அவ்வளவு பொறுமையான வேலை.

பள்ளிக் கண்காட்சிக்குத் தூக்கிப் போக வசதியாக, பலகைகளைத் தனித்தனியாகக் கழற்றலாம். தண்டவாளத்துக்கு 12 வோல்ட் டிசி, அதில் குறையில்லை. ஆனால் சிக்னலுக்கும், தண்டவாளத்தைத் தடம் மாற்றும் பாயின்ட் மோட்டாருக்கும் பலகைக்கு ஒன்றாக 16 வோல்ட் ஏசி டிரான்ஸ்பார்மர் வைத்திருந்தார்கள். பலகைகளைச் சேர்த்தால் அந்த இரண்டு 16 வோல்ட் லைனும் ஒன்றாகிவிடும்.

பையன் ஒரு டிரான்ஸ்பார்மரின் பிளக்கைச் சுவர் சாக்கெட்டிலிருந்து உருவி மேஜையில் வைத்தான். மற்ற பலகை ஓடிக்கொண்டிருந்தது. கழற்றிய பிளக்கின் இரண்டு பின்னிலும் மீட்டரை வைத்தேன். 212 வோல்ட். பெரியவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

டிரான்ஸ்பார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். 230 கொடுத்தால் 16 வரும். 16 வோல்ட் பக்கத்தில் ஏசி கொடுத்தால் மறுபக்கம் திரும்ப மெயின்ஸ் அளவுக்கு ஏறிவிடும். ஓடும் டிரான்ஸ்பார்மரின் 16 வோல்ட், கழற்றியதன் பின்புறம் வழியாக ஏறி, மூடியில்லாத பித்தளைப் பின்னில் வந்து நிற்கிறது. சரி, கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்கிறதே என்று பெரியவர் கேட்டார். வீட்டு லைனிலிருந்து எர்த்துக்குக் கசியும் கரண்டைத்தான் அது பிடிக்கும். இந்தப் பின் இரண்டையும் ஒரு குழந்தை சேர்த்துப் பிடித்தால் அதற்குத் தெரியவே தெரியாது. கண்காட்சியில் பிளக்கைக் கழற்றுவதும் மாட்டுவதும் பெரும்பாலும் பிள்ளைகள்தான், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டு டிரான்ஸ்பார்மரையும் எடுத்துவிட்டு, மூடிய பெட்டிக்குள் ஒரே ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்தோம். 16 வோல்ட் பக்கம் ஒரு ஃபியூஸ். பலகைக்குப் பலகை இணைக்க, சுவர் சாக்கெட்டில் நுழையவே முடியாத நாலு பின் கனெக்டர். கரண்ட் வரும் பக்கம் துளையுள்ளது, வாங்கும் பக்கம் பின் உள்ளது. வீட்டுப் பிளக்கையும் சாக்கெட்டையும் பலகை இணைப்புக்கு யாரும் போடவே கூடாது. எவனாவது ஒருத்தன் 230இல் செருகிவிடுவான்.

அப்புறம் நம்ம ஊர் ஈரம். மழைக்காலத்தில் பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்தால் செம்பு பச்சை பூத்து, இணைப்பு தளர்ந்து சூடாகும். கண்காட்சிக்கு முன் ஒவ்வொரு பின்னையும் துடைத்துப் பாருங்கள். குளிருக்காக ஜன்னலை அடைத்துக்கொண்டு சாலிடரிங் செய்யாதீர்கள், புகை நெஞ்சுக்கு ஆகாது. முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கிளம்பும் முன் பையனிடமே மீட்டரைக் கொடுத்தேன். பெட்டியை ஆன் செய்துவிட்டு, வெளியே தெரிந்த ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் பூஜ்யம்.