இதயத்தையும் மரத்துப்போகச் செய்யும் கொக்கைன்

1986 ஜூன் 17 அன்று, அமெரிக்காவின் பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணி லென் பயஸ் என்ற 22 வயது வீரரைத் தேர்ந்தெடுத்தது. இரண்டே நாளில், ஜூன் 19 காலையில், அவர் இறந்துபோனார். இதயத் துடிப்பை நடத்தும் மின்னோட்டத்தைக் கொக்கைன் குலைத்துவிட்டது என்பது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. விளையாட்டு வீரருக்குரிய உடல்வாகு கொண்ட ஒருவருக்கே இது எப்படி நேர்ந்தது?

விடைக்கு நூறாண்டு பின்னால் போக வேண்டும். 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர் கொக்கைன் கரைசலைத் தன் கண்ணில் விட்டுக்கொண்டு, குண்டூசித் தலையால் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். வலிக்கவில்லை. அறுவை சிகிச்சைக்காக ஓரிடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறை அங்கேதான் தொடங்கியது. வலி என்பது நரம்பில் ஓடும் மின்செய்தி. நரம்புச் செல்லின் சுவரில் உள்ள நுண்ணிய வாசல்கள் வழியாகச் சோடியம் உள்ளே பாய்ந்தால்தான் அந்தச் செய்தி நகரும். கொக்கைன் அந்த வாசல்களை அடைத்துவிடுகிறது.

இதயத் தசையிலும் இதே வகை வாசல்கள்தான் இருக்கின்றன. ஓய்வில் இருக்கும் இதயச் செல்லின் உட்புறம் சுமார் மைனஸ் 90 மில்லிவோல்ட்டில் இருக்கும். முறை வந்ததும் வாசல் திறந்து, சோடியம் பாய்ந்து, கண்ணிமைப்பதற்குள் உட்புறம் நேர்மின்னாகிவிடும். அது பக்கத்துச் செல்லைத் தூண்டும், அது அடுத்ததை. வாசல்கள் அடைபட்டால் இந்த அலை தட்டுத்தடுமாறித்தான் நகரும். இசிஜியில் கீழறைத் துடிப்பைக் காட்டும் கூர்முனை 0.12 விநாடிக்குள் முடிய வேண்டும். கொக்கைன் மிகுந்தால் அது அகன்று, மழுங்கிப்போகும்.

ஆனால் கொக்கைன் எடுத்தவரின் இதயம் மெதுவாகவா துடிக்கிறது? இல்லை, படபடவென்று அடித்துக்கொள்கிறது. இதயத்தை விரட்டும் நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தை நரம்பு முனைகள் வெளிவிடும், பிறகு அவையே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வது வழக்கம். கொக்கைன் அதைத் தடுப்பதால் விரட்டும் ரசாயனம் அங்கேயே தேங்கி நிற்கிறது. எனக்கு மிகக் கொடூரமாகத் தோன்றுவது அடுத்த கட்டம். இரண்டு துடிப்புகளுக்கு நடுவில் கிடைக்கும் ஓய்வில்தான் கொக்கைன் வாசலை விட்டு நழுவி வெளியேற முடியும். துடிப்பு வேகமாக ஆக, அந்த ஓய்வு குறைகிறது, அடைப்பு கூடிக்கொண்டே போகிறது. விரட்டுவதும் வழிமறிப்பதும் ஒரே பொருள்தான்.

அலை ஓரிடத்தில் ஓடி, இன்னோரிடத்தில் தயங்கினால் அது சுற்றிச் சுழன்று வந்த பாதையிலேயே மறுபடி நுழையும். கீழறைகள் சேர்ந்து சுருங்காமல் வெறுமனே நடுங்க ஆரம்பித்தால் ரத்தம் வெளியே போகாது. பொட்டாசியம் வெளியேறும் வாசல்களையும் கொக்கைன் அடைக்கிறது. அதனால் துடித்த செல் பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமாகிறது. அதற்குள் தவறான துடிப்பு ஒன்று கிளம்பிவிடலாம்.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் நாளங்களும் சுருங்குகின்றன. அதிகம் உழைக்கும் நேரத்தில் ஆக்சிஜன் குறைகிறது. கொக்கைன் எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு ஆபத்து சுமார் 24 மடங்கு கூடுவதாக 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. கூடவே மதுவும் குடித்திருந்தால் கல்லீரலில் கோக்காஎத்திலீன் என்ற புதுப்பொருள் உருவாகிறது. அது கொக்கைனைவிட நெடுநேரம் உடலில் தங்கும், சோடியம் வாசல்களையும் அடைக்கும். இரண்டையும் சேர்த்து எடுப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வலிப்பு வந்தாலோ உடல் தவித்தாலோ ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும், வாசல் அடைப்பு இன்னும் இறுகும். அதனால்தான் கூர்முனை அகன்ற இசிஜியுடன் வரும் நோயாளிக்கு மருத்துவர்கள் சோடியம் பைகார்பனேட்டை ரத்தக் குழாய் வழியாகச் செலுத்துகிறார்கள். நம் வீட்டுச் சமையல் சோடாவும் அதே உப்புதான். அது அமிலத்தைக் குறைத்து, சோடியத்தையும் கூட்டிக் கொடுக்கிறது. மருந்து பிடித்துவிட்டால், அகன்று கிடந்த கூர்முனை திரையில் மெல்ல மெல்லக் குறுகி வரும்.